பன்னீர்ச் செம்பின் இடது தோள்

வேலையில் சேர்ந்த முதல் நாள், எனக்கு ஒதுக்கிய மேஜையின் இழுப்பறையில் இருந்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பொறுப்பேற்கும்போது அப்படி எழுதி வைக்க வேண்டும் என்று ஐ.டி.ஐ.யில் சொல்லியிருந்தார்கள். ரூலிங் பேனா இரண்டு, அதில் ஒன்றின் திருகாணி தேய்ந்தது. டிவைடர் ஒன்று. காய்ந்த கறுப்பு மைப்புட்டி மூன்று. காகிதத்தில் சுற்றிய அரை பிளேடு. இருமல் மிட்டாய் டப்பா நிறையக் குண்டூசி. கடைசியில், சுருட்டி நூல் கட்டிய டிரேசிங் துணி ஒன்று. ‘பழைய புலப்படம்’ என்று எழுதிவிட்டுத்தான் நூலை அவிழ்த்தேன். உள்ளே வயல் இல்லை. ஒரு பன்னீர்ச் செம்பு இருந்தது.

எழுதியதை அடித்துவிட்டு ‘பன்னீர்ச் செம்பு, மைப் படம், 1’ என்று திருத்தினேன்.

அந்த மேஜை எனக்கு முன்னால் இருந்த டிராப்ட்ஸ்மேனுடையது. மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அந்தக் காலியிடத்துக்குத்தான் வேலைவாய்ப்பு அலுவலகம் என் பெயரை அனுப்பியிருந்தது. அவரைப் பற்றி ஆபீசில் அதிகம் பேசமாட்டார்கள். கல்யாணம் ஆகாதவர், பீடி பிடிக்காதவர், மத்தியானம் தூங்காதவர் என்று மூன்று ‘இல்லை’களாகத்தான் அவர் எனக்குத் தெரியவந்தார்.

கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அந்த ஊர். தாலுகா ஆபீஸ் மாடியில் நில அளவைப் பிரிவு. குத்தகைக்காரர்களைப் பதிவு செய்வதும், உச்சவரம்புக்கு மேல் உள்ள நிலத்தைப் பிரித்துக் காட்டுவதும் சேர்ந்து வந்த காலம் அது. மாடிப்படிச் சுவர் முழுக்கத் தேர்தல் எழுத்து; வெள்ளையடித்தாலும் கோஷம் சுண்ணாம்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். கீழே தினமும் கூட்டம் இருக்கும். ஒரு பக்கம் கொடி பிடித்த விவசாயத் தொழிலாளர்கள், இன்னொரு பக்கம் காரில் வந்து இறங்கும் மிராசுதார்கள். மேலே நாங்கள் அவர்கள் சண்டையிடும் நிலத்தை மையில் வரைவோம். உபரி நிலத்துக்கு மட்டும் சிவப்பு மை.

பிரிவில் நான் ஒருத்திதான் பெண். என் அப்பா வேளாங்கண்ணிச் சாலையில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அது என் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தது. எல்லாரும் அதைப் படித்திருந்தார்கள். பானைத் தண்ணீருக்கு என் டம்ளரை நானே கொண்டுபோனேன். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. சொல்லாமலே செய்துவிட்டால் சொல்லக் கேட்க வேண்டியிராது என்று அம்மா பழக்கியிருந்தாள்.

தங்கியிருந்தது ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால், தனி வாசல் உள்ள அறை. அவித்த நெல்லின் வாசனை போர்வைவரை ஏறியிருக்கும். மற்ற நாட்களுக்கு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பட்டியல் போடுவேன். துணி துவைக்க, தலை குளிக்க, வீட்டுக்குக் கடிதம் எழுத, வீணான டிரேசிங் துணியை வெந்நீரில் அலச. கஞ்சிப் பசை போனால் அது நல்ல மெல்லிய பருத்தியாகிவிடும். அதில் கைக்குட்டை தைப்பேன். எல்லாம் முடிந்தாலும் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். அந்த ஊரில் இருந்த காலத்தில் பதினான்கு கைக்குட்டைகள் தைத்தேன். கொடுப்பதற்கு ஆள் இருக்கவில்லை.

பன்னீர்ச் செம்புப் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் விரித்து வைத்தேன். மத்தியானம் மற்றவர்கள் கடைத்தெருவுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன்.

அசல் அளவுப் படம். அடித்தட்டிலிருந்து உச்சி மொட்டுவரை இருபத்தாறு சென்டிமீட்டர். நடுவில் நீள்கோடும் புள்ளியுமாக மையக்கோடு, ஒரே தடவை மை தொட்டுப் போட்டது. வெளிக்கோடு தடிமன், உள்ளே இருக்கும் வேலைப்பாடு மெல்லிசு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது தடிமன் என்று எங்கேயும் இல்லை. உருண்டை வயிற்றைச் சுற்றித் தாமரை இதழ்கள். நடுவில் உள்ள இதழ் அகலம், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கி, கடைசி இதழ் ஒரு நெல் மணி கனமே இருந்தது. நிழல் என்று ஒரு புள்ளிகூடப் போடவில்லை. இதழ்கள் ஒடுங்கிய கணக்கிலேயே வயிறு உருண்டு நின்றது. அதற்கு மேலே தோள், தோளிலிருந்து நீண்ட கழுத்து, கழுத்தில் இரண்டு வளையம். மொட்டைக் கழற்றி மாட்டும் இடத்தில் மரை. அதன் சரிவு வலமாகத் திருகும் பக்கத்துக்கே இருந்தது. பெரும்பாலானவர்கள் மரையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்துவிடுவார்கள். மொட்டின் துளைகளைப் புள்ளியாகக் குத்தாமல் ஒவ்வொன்றையும் வட்டமாகவே வரைந்திருந்தார்.

இரண்டு கோடு சந்திக்கும் இடத்தில் மை தேங்கும். டிரேசிங் துணியில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். அந்தப் படத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சந்திப்புகள் இருந்தன. ஒரு சந்திப்பிலும் தேங்கவில்லை. கழுத்தின் நீண்ட வளைவைப் பார்க்கும்போது, இதை இழுத்து முடிக்கும்வரை அவர் மூச்சை அடக்கியிருப்பார் என்று தோன்றும். நானும் அப்படித்தான் அடக்குவேன். அதே ஸ்டூலில், அதே ஜன்னல் வெளிச்சத்தில். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

கீழ் மூலையில் சின்னக் கட்டம். ஒரு கிராமத்தின் பெயர், ஒரு புல எண், ஒரு தேதி, ‘அசல் அளவு’, அவருடைய சுருக்கொப்பம். தேதி நான் வேலையில் சேர்வதற்கு இரண்டு வருடம் முந்தியது.

எங்கள் பிரிவின் மூத்த டிராப்ட்ஸ்மேன், ரிட்டயர் ஆக மூன்று வருடம் பாக்கி உள்ளவர், ஒருநாள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தெளிக்கச் செம்பு தயாரா இருக்கு. மாப்பிள்ளைதான் இல்லை போல.”

“செம்பு மட்டும் போதும் சார். மாப்பிள்ளைன்னா சமைக்கணும்,” என்றேன்.

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் படத்தில் எனக்கு ஒரே ஒரு குறை தெரிந்தது. வந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இடது தோள் வலது தோளைப் போல இல்லை. வயிறு முடிந்து தோள் தொடங்கும் இடத்தில் இடப்பக்கக் கோடு ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே தாழ்ந்திருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியாத நாட்கள் இருந்தன.

எங்களுக்குப் பயிற்சியில் கற்பித்தது இது: கடைசல் பிடித்த பொருள் எதுவானாலும் மையக்கோட்டுக்கு ஒரு பக்கம் அளந்தால் போதும். மறுபக்கம் அதன் பிரதி. கடைசல் மெஷினில் சுற்றி வந்த பொருளுக்கு இடம் வேறு வலம் வேறாக இருக்க முடியாது. ஆகவே இது கைப்பிழை. காமாலை அப்போதே அவர் உடம்பில் இருந்திருக்கும், கை நடுங்கியிருக்கும், கவனித்துத் திருத்துவதற்குள் முடியாமல் போயிருக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டேன். அவருக்காக வருத்தப்பட்டேன். வருத்தப்பட ஒருவர் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. வேலை குறைவு, எல்லாரும் சீக்கிரம் போய்விட்டார்கள். படத்தைக் கண்ணாடிக்கடியிலிருந்து எடுத்துப் பலகையில் பொருத்தினேன். இழுப்பறையில் இருந்த அதே அரை பிளேடால், படுக்கைவாட்டில் பிடித்து, இடது தோள் கோட்டைச் சுரண்டினேன். அவசரப்பட்டால் துணி கிழியும். மை பொடியாக வரும்வரை சுரண்டி, ஊதி, விரல் நகத்தின் முதுகால் தேய்த்து மெருகேற்றினேன். மையக்கோட்டின் மேல் மயிரிழையாகப் பதினொரு பென்சில் குறிகள் இருந்தன. ஒவ்வொரு குறியிலும் வலப்பக்க அளவை டிவைடரில் எடுத்து இடப்பக்கம் வைத்தேன். மையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அவருடைய கறுப்புக்குக் கொண்டுவந்தேன். மூச்சை அடக்கிக் கோட்டை இழுத்தேன்.

சரியாக வந்தது. அவர் கோடு எங்கே முடிகிறது, என் கோடு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அன்று அறைக்கு நடந்து போகும்போது, ஒரே தாளில் நானும் இன்னொருவரும் வேலை செய்திருக்கிறோம் என்று சந்தோஷமாக இருந்தது. அந்த ஊரில் நான் சந்தோஷமாக இருந்த நாள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஐப்பசி மழையில் ஒரு பெண் மாடியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கால்வரை சேறு. வாசலிலேயே நின்று, படம் போடுகிற ஐயா இல்லையா என்று கேட்டாள். எந்த ஐயா என்று மூத்தவர் கேட்க, அவள் சொன்ன அடையாளத்தில் அது யார் என்பது தெரிந்தது. இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது என்று அவர் சொன்னார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வூட்டுல நீச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சாருங்க,” என்றாள். “அண்ணாந்து குடிக்கல. வாய வச்சுக் குடிச்சாரு.”

மூத்தவர் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் எழுந்து போய், உட்காருங்கக்கா என்று ஸ்டூலைக் காட்டினேன். அவள் தரையில் உட்காரப் போனாள். கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

அவள் சொன்னதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். அவள் புருஷன் ஒரு மிராசுதாரிடம் வாய்ப்பேச்சுக் குத்தகையில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்தவன். குத்தகையைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்ததும் அந்த ஊரில் முதலில் மனுக் கொடுத்தவன் அவன்தான். அளக்கப்போன குழுவில் எங்கள் டிராப்ட்ஸ்மேனும் இருந்தார். நடுவில் மழை பிடித்துக்கொள்ள, அரை நாள் அவர்கள் வீட்டில் ஒதுங்கியிருந்தார். அப்போது அலமாரியில் இருந்த பன்னீர்ச் செம்பைப் பார்த்து, கேட்டு வாங்கி, அளந்து குறித்துக்கொண்டு போனார். வெள்ளி முலாம் போட்ட பித்தளைச் செம்பு. அவளுடைய அம்மா நாகப்பட்டினத்தில் ஒரு ராவுத்தர் வீட்டில் வேலை செய்தவள். மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டம்மா கொடுத்தது. ஒரு மாதம் கழித்து அந்த ஊருக்கு வேறு வேலையாக வந்தபோது மையில் வரைந்ததைக் கொண்டுவந்து அவர்களுக்குக் காட்டிவிட்டும் போயிருக்கிறார்.

இப்போது, போன தை மாதம் தன் வீட்டுப் பன்னீர்ச் செம்பு திருட்டுப் போனதென்று மிராசுதார் புகார் கொடுத்திருக்கிறார். போலீஸ் வந்து இவர்கள் வீட்டிலிருந்து செம்பை எடுத்துப் போய்விட்டது. புருஷன் சப்-ஜெயிலில். திருடன் என்று தீர்ப்பானால் குத்தகை மனுவுக்கு யார் சாட்சி சொல்ல வருவார்கள்? அவன் உள்ளே இருக்கும்போதே மூன்று ஏக்கரில் வேறு ஆளை வைத்து நடவு நட்டுவிட்டார்கள். விவசாயச் சங்கத்து வக்கீல் சொன்னாராம், தை மாதத்துக்கு முன்னாலேயே இது உங்கள் வீட்டில் இருந்ததற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று. அவளுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. வாய்தா மூன்றாம் நாள்.

நான் அவளை என் மேஜைக்கு அழைத்துப் போனேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேனே.

அவள் கண்ணாடிமேல் விரலை வைத்து அடித்தட்டிலிருந்து தடவிக்கொண்டே போனாள். இதழ்களைத் தாண்டி, இடது தோளில் விரல் நின்றது. இரண்டு தடவை அங்கேயே போய்வந்தது.

“நெளிசல் எங்கங்க?”

“எந்த நெளிசல்?”

“கல்யாணம் முடிஞ்சு வண்டியில வர்றப்ப வாய்க்கால் மதகுல என் கையிலேர்ந்து வுழுந்து நெளிஞ்சதுங்க. இந்த எடத்துலதான். அதுதான் அடையாளம்னு வக்கீலு சொன்னாரு. இந்த மாதிரி செம்பு ஊருல பத்து வூட்டுல இருக்குமாம், நெளிசல் இருந்தாத்தான் நம்ம செம்புன்னு ஆவுமாம்.” அவள் என்னைப் பார்த்தாள். “ஐயா போட்டிருந்தாருங்க. நான் பாத்தேன். எங்க வூட்டுக்காரரு சொன்னாரு, நெளிசல வுட்டுட்டு அழகாப் போடுங்கய்யான்னு. இருக்குறதத்தான் போடுவேன்னுட்டாரு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் செம்பைக் கடைசல் பொருளாக வரையவில்லை. வயலைப் போல வரைந்திருந்தார். வயலை அளக்கும்போது நடுவே ஒரு சங்கிலிக்கோடு ஓடும். அதிலிருந்து இடமும் வலமும் தனித்தனியாகச் செங்குத்தில் அளந்து வரப்பு எங்கெங்கே வளைகிறதோ அதைக் குறிப்போம். எந்த வரப்பும் எதிர்வரப்புக்குப் பிரதி இல்லை. இருபது வருடம் அப்படியே அளந்த கை, செம்பையும் பதினொரு இடத்தில் இருபுறமும் அளந்திருக்கிறது. தினமும் அதே முறையில் புலப்படம் வரைந்துகொண்டிருந்த எனக்கு, அந்தப் பென்சில் குறிகளைப் பார்த்தும் அது தோன்றவில்லை.

கண்ணாடிக்குள் சரியாகத் தெரியவில்லை, எடுத்துப் பார்த்து வைக்கிறேன், நாளைக்கு வாங்க என்று சொன்னேன். பொய். அவள் அதை நம்பி மழையில் இறங்கிப் போனாள்.

மூத்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் முகத்தைப் பார்த்தே பிளேடு வேலை நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார்.

“அரை மணி வேலைம்மா. நெளிசலத் திரும்பப் போட்டுடு. உள்ளதுதானே, பொய் ஒண்ணும் இல்லியே. எழுதிக் கிழுதிக் குடுத்துடாத. மெமோ வரும். புரொபேஷன்ல இருக்குற.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். ஒன்று, சும்மா இருப்பது. இரண்டு, திரும்ப வரைவது. மூன்று, சொல்லிவிடுவது. ஒன்றை உடனே அடித்தேன். இரண்டு, மூன்று இரண்டுக்கும் எதிரே வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. திரும்ப வரைந்தால் அந்த மனிதன் வெளியே வருவான். சொன்னால், திருத்தப்பட்ட படம் என்று கோர்ட்டில் அதைத் தூக்கியெறிந்துவிடலாம். வேலை போனால் என் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் வேறில்லை. கேட்பதற்கு அடுத்த அறையில் யாராவது இருந்தால் கேட்டிருப்பேன். மில் சத்தம் மட்டும் இருந்தது.

கடைசியில் இரண்டாவதையும் அடிக்கவைத்தது ஒரு சாதாரணக் காரணம். நெளிசலை நான் பார்த்ததில்லை. நான் போட்டால் அது என் ஊகம். சாட்சி சொல்ல வேண்டியவர் செம்பைப் பார்த்து வரைந்த அவர். அவர் பேரில் நான் இன்னொரு தடவை கோடு போடக் கூடாது.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய், படத்தை எடுத்துக் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் மறுபுறமாக ஒட்டிப் பார்த்தேன். மழை விட்டு வெயில் வந்திருந்தது. பிளேடு மேல்மையைத்தான் எடுத்திருந்தது. இழைகளுக்குள் இறங்கிய மை அங்கேயே இருந்தது, சாம்பல் நிறத்தில், ஒரு முடி விழுந்து கிடப்பதுபோல. என் கோட்டுக்கு உள்பக்கமாகத் தோளில் இறங்கி ஏறியது. டிவைடரால் அளந்தேன். பதினொரு குறிகளுக்கும் இடம், வலம் என்று எழுதினேன். ஒன்பது இடத்தில் இரண்டும் ஒன்று. ஆறாவது குறியில் வலம் முப்பத்தொன்பது மில்லிமீட்டர், இடம் முப்பத்தெட்டு. ஏழாவதில் வலம் முப்பத்தொன்று, இடம் இருபத்தொன்பதரை. அதற்குக் கீழே, இந்தக் கோட்டை இன்ன நாளில் பிழை என்று எண்ணிச் சுரண்டி மாற்றியவள் நான் என்றும், பழைய கோடு வெளிச்சத்தில் தெரியும் என்றும், அதை நான் மேற்கொண்டு தொடவில்லை என்றும் எழுதி, கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் வந்ததும் ஜன்னலண்டை கூட்டிப்போய்க் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்கணும்னு செஞ்சீங்களா?”

“ஆமாங்கக்கா.”

“எங்க வூட்டுக்காரர ஜெயில்ல, கையில சோறு வாங்கித் திங்கிற எடத்துல வச்சு அடிக்கிறாங்கம்மா,” என்றாள். திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. படத்தை முந்தானையில் சுற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஈரம் பட்டால் துணி சுருங்கிவிடும் என்று நான் என் சாப்பாட்டுப் பையின் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அதற்கப்புறம் அவள் ‘ங்க’ போடுவதை விட்டுவிட்டாள்.

“அப்ப நீ கோர்ட்டுக்கு வந்து சொல்லு,” என்றாள்.

போனேன். லீவு லெட்டரில் காரணத்தை உள்ளபடி எழுதினேன். கோர்ட்டில் மேஜைமேல் செம்பு இருந்தது. அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முலாம் பாதி போய், அரக்கு முத்திரை போட்ட சீட்டுக் கட்டி, அழுக்காக நின்றது. இருந்தாலும் கூட்டத்தில் தெரிந்தவரைக் கண்டதுபோல் இருந்தது. கழுத்தின் இரண்டாவது வளையம்கூட எங்கே இருக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

புகார்த் தரப்பு வக்கீல் என்னைக் கேட்டது நியாயமான கேள்விதான். “ஒரு தடவை சுரண்டின கை, வழக்கு வந்தப்புறம் இந்தச் சாம்பல் கோட்டையும் போட்டிருக்காதுன்னு எப்படிம்மா நம்புறது?”

சுரண்டிய துணியின்மேல் மை போட்டால் கோடு கசிந்து பரவும், இது பரவவில்லை, நான் மெருகேற்றிய பளபளப்புக்குக் கீழே இழைக்குள் இருக்கிறது என்றேன். இன்னொன்றும் சொன்னேன். செம்பை நான் இதுவரை தொட்டதில்லை, என் தாளில் உள்ள அளவுகளை இங்கேயே சரிபார்க்கலாம். மாஜிஸ்திரேட் அளக்கச் சொன்னார். இழுப்பறையில் இருந்த அந்த டிவைடரைக் கொண்டுபோயிருந்தேன். குமாஸ்தா பார்த்துக்கொண்டிருக்க, பதினொரு இடத்தில் இருபுறமும் அளந்தேன். மூன்று இடத்தில் என் தாளுக்கும் செம்புக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது, அதையும் சொன்னேன். தோளில் தாளும் செம்பும் ஒன்றாகவே இருந்தன.

கூண்டில் நின்ற மனிதன் செம்பையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்து இடது தோளைத் தொட்டுக் காட்டி, லேசாகச் சிரித்தாள். அது அவர்கள் இரண்டு பேருக்குள் உள்ளது. நான் டிவைடரை மூடினேன்.

இரண்டு வாய்தா கழித்து அவனை விடுதலை செய்தார்கள். தீர்ப்பில் படத்தைப் பற்றி ஒரு வரிதான் இருந்ததாக வக்கீல் சொல்லியனுப்பினார். செம்பு வீட்டுக்குப் போனது. மூன்று ஏக்கர் திரும்பக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த மனு வேறு ஆபீசில் நடந்துகொண்டிருந்தது. படம் வழக்குக் கட்டோடு சேர்ந்துவிட்டது. சாட்சிப் பொருள்களைத் தனியாருக்குத் தர வழியில்லை என்றார்கள். நான் அதற்கு உறவு என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.

மூத்தவர் சொன்னபடியே மெமோ வந்தது. ஆபீஸ் நேரத்தில் சொந்தப் படத்தைக் கையாண்டதற்கு விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது, பட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றலும் வந்தது. கிளம்பும் நாளில் மூத்தவர் என் டம்ளரை எடுத்து, பானையில் தண்ணீர் மொண்டு, அதிலேயே குடித்துவிட்டு, “போயிட்டு வாம்மா,” என்றார். அவருக்கு இரண்டு கைக்குட்டைகள் கொடுத்தேன்.

வீட்டுக்கு ஒருநாள் வா என்று கோர்ட் வாசலில் அவள் கூப்பிட்டிருந்தாள். போக வேண்டும் என்று அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்களில் எழுதினேன். போகவில்லை. என்னவென்று சொல்லிக்கொண்டு போவது என்பதில் ஒவ்வொரு வாரமும் நின்றுவிட்டேன்.

இந்த ஆபீசிலும் மேஜைக்குக் கண்ணாடி இருக்கிறது. செம்பை ஞாபகத்திலிருந்து வரைந்து வைக்கலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். இதழ்கள் வந்தன, மரை வந்தது. இடது தோளுக்கு வரும்போது கை தானாக வலது தோளைப் பார்த்துப் போடுகிறது. கிழித்துவிட்டேன். கண்ணாடிக்கடியில் இப்போது இருப்பது அந்தக் கார்பன் பிரதி. பதினொரு வரி, ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். மத்தியானத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, செம்பின் அடித்தட்டிலிருந்து மேலே போவதுபோல அதை வரிசையாகப் படிப்பேன். ஐந்து வரி ஒழுங்காகப் போகும். ஆறாவதில் கொஞ்சம் இறங்கும். ஏழாவதில் வாய்க்கால் மதகு வரும், வண்டி ஒரு பக்கம் சாயும், கல்யாணம் ஆகி வருகிற பெண்ணின் கையிலிருந்து செம்பு நழுவும். எட்டாவதிலிருந்து மறுபடி இரண்டும் ஒன்று.